ஆட்சிமொழித் தகுதியும் சா. ஜே. வே. செல்வநாயகமும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நிறுவனரான சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் (1898–1977) பெரும்பாலும் அரசியல் தலைவராகவே அறியப்படுகிறார். அவருடைய பொதுவாழ்வின் முப்பது ஆண்டுகளும் ஒரு மொழியின் சட்டத்தகுதி பற்றிய வழக்காகவே அமைந்தன என்பதையும், அவ்வழக்கில் அவர் எங்கே வென்றார், எங்கே தவறினார் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அரச கரும மொழி, சம அந்தஸ்து, தமிழ் பேசும் மக்கள், தமிழரசு, 1957 உடன்படிக்கை, கலீசிய மொழி.

முன்னுரை

ஒரு நிலத்தில் மக்கள் பேசும் மொழியும் அந்நிலத்தை ஆள்வோர் எழுதும் மொழியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துத் திருக்கோகர்ணம் கோயிலில் சோழர், பாண்டியர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அக்கோயிலில் வீற்றிருக்கும் பிரகதாம்பாளின் உருவத்தைத் தாங்கித் தொண்டைமான்கள் வெளியிட்ட அம்மன் காசின் மறுபுறத்திலோ 'விஜய' என்னும் சொல் தெலுங்கு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. சந்தையில் அக்காசைக் கைமாற்றிய தமிழருக்கு அதனால் இடர் நேர்ந்ததாகத் தெரியவில்லை. மன்னராட்சியில் குடிமகன் அரசோடு எழுத்துவழி உறவாடிய இடங்கள் சிலவே. இருபதாம் நூற்றாண்டு அரசோ பிறப்பைப் பதிகிறது, பள்ளி நடத்துகிறது, வேலை தருகிறது, வழக்கைத் தீர்க்கிறது. அரசின் மொழி எது என்னும் வினா அப்போது வயிற்றுப்பாட்டின் வினாவாகிவிடுகிறது. இலங்கையில் அவ்வினாவை எதிர்கொண்டவர்களுள் முதன்மையானவர் செல்வநாயகம்.

இளமையும் தொழிலும்

செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். தந்தையார் பொருள் தேடி மலாயா சென்ற யாழ்ப்பாணத்தவர். சிறுவனாக இருந்தபோதே தாயுடனும் உடன்பிறந்தோருடனும் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, கொழும்புப் பரி. தோமாவின் கல்லூரி ஆகியவற்றில் பயின்றார். பிற்காலத்தில் அவரோடு உடன்படிக்கை செய்து, பின் அதைக் கைவிட்ட எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் தோமாவின் கல்லூரியில் படித்தவரே. இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளங்கலைப் பட்டத்தை வெளிவாரி மாணவராகப் பெற்ற செல்வநாயகம் சில காலம் ஆசிரியப் பணியாற்றினார். பின்னர்ச் சட்டம் பயின்று குடியியல் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார்.

அவர் கிறித்தவர், அவரைத் தலைவராக ஏற்றவர்களோ பெரும்பான்மையும் சைவர். மெலிந்த குரலும் மெலிந்த உடலும் உடையவர். மேடையை ஆளும் பேச்சாளர் அல்லர். தமிழ்நாட்டில் அக்காலத்து மொழி இயக்கம் நாவன்மையால் வளர்ந்தது. இலங்கையின் மொழி இயக்கத்திற்குக் குடியியல் வழக்கறிஞர் ஒருவர் தலைமை தாங்கினார் என்பது அவ்வியக்கத்தின் போக்கை விளங்கிக்கொள்ள உதவும். ஆவணம், விதி, எழுத்துவழி உடன்பாடு ஆகியவற்றில் அவர் வைத்த நம்பிக்கை அத்தொழிலிலிருந்து வந்ததாகக் கொள்ளலாம்.

'தமிழ் பேசும் மக்கள்'

1944ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது, வி. நல்லையாவின் திருத்தத்தால் தமிழும் அதில் சேர்க்கப்பட்டது. ஆங்கிலத்தின் இடத்தில் இருமொழிகள் அமர்வது அன்று பொது ஒப்புதல் பெற்ற கருத்தாகவே இருந்தது. அதே ஆண்டில் தோன்றிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசில் ஜி. ஜி. பொன்னம்பலத்தோடு செல்வநாயகம் இணைந்தார். 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார்.

மறு ஆண்டே அவர் பிரிய நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் எதிரணியில் நின்றார். 1947இல் ஏழு உறுப்பினர்களைப் பெற்றிருந்த இலங்கை இந்தியக் காங்கிரசு 1952இல் ஒருவரைக்கூடப் பெற முடியவில்லை. 1953ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். இந்தியத் தமிழர் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர். தமிழரின் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்குரிமை இழந்த பின்னரே மொழித்தகுதி பற்றிய பெரும்போர் தொடங்கியது. இந்த வரிசைமுறை மொழி வரலாற்றில் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பேசுவோர் தொகையே மொழியின் வலிமை என்றால், அவ்வலிமை 1956க்கு முன்பே பாதியாகிவிட்டது.

1949 டிசம்பர் 18 அன்று கொழும்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைச் செல்வநாயகம் தொடங்கினார். அவ்வியக்கம் வழக்காக்கிய 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர் ஆராய்தற்குரியது. வடக்கு, கிழக்குத் தமிழரையும் மலையகத் தமிழரையும் முசுலிம்களையும் ஒன்றாகத் தழுவ இனமோ சமயமோ உதவாத இடத்தில், மொழி ஒன்றே அடையாளமாக வைக்கப்பட்டது. முசுலிம்கள் அத்தொடருள் முழுமையாக அடங்க ஒருப்பட்டனரா என்பது வேறு வினா. கட்சிப் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில் கூட்டாட்சியைச் சுட்டிய பெயர் தமிழில் 'தமிழரசு' எனப்பட்டது. 'சமஷ்டி' என்ற சொல் வழக்கில் இருக்க, தனியரசு என்று பொருள்கொள்ள இடந்தரும் சொல்லைத் தேர்ந்தமை எதிர்த்தரப்பாருக்கு வாய்ப்பாயிற்று. சொற்பொருளில் இத்துணை நுணுக்கமான வழக்கறிஞர் இதனை முன்னுணராதது வியப்பே.

தனிச்சிங்களச் சட்டம்

1951இல் திருகோணமலையில் கூடிய முதல் மாநாட்டிலேயே கட்சி மொழியுரிமையை முன்வைத்தது. ஆயினும் 1952 தேர்தலில் செல்வநாயகம் தம் தொகுதியிலேயே தோற்றார். கூட்டாட்சி வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்து வாக்காளர் அன்று அவசரத் தேவையாகக் கருதவில்லை. நிலையை மாற்றியவை தெற்கின் கட்சிகளே. இருமொழிக் கொள்கையோடு தொடங்கிய இலங்கை சுதந்திரக் கட்சி 1955இல் சிங்களம் மட்டும் என்பதற்கு மாறியது. ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 பிப்ரவரியில் களனி மாநாட்டில் அவ்வழியே சென்றது. அவ்வாண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கு, கிழக்கின் தலைமைக் கட்சியாயிற்று.

1956 ஜூன் 5 அன்று சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்திற்கு வந்தபோது, செல்வநாயகமும் தோழர்களும் காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்தனர், கும்பலால் தாக்கப்பட்டனர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் சிங்களத்தை ஒரே ஆட்சிமொழி ஆக்கியது. தமிழ்நாட்டில் ஆட்சிமொழி எனப்படுவதை இலங்கைத் தமிழ் 'அரச கரும மொழி' என்கிறது. இலங்கைத் தொடர் பொருளைத் துலக்கிக் காட்டுகிறது: வினா அரியணையைப் பற்றியதன்று, கருமத்தைப் பற்றியது. சிங்களம் அறியாத எழுத்தர் ஊதிய உயர்வை இழந்தார். தந்தை தன் மகனின் பதிவுத்தாளை வாசிக்க முடியாதவரானார். எழுத்தர் செ. கோடீசுவரன் தொடுத்த வழக்கில் 1964இல் மாவட்ட நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்த்தது. 1967இல் உச்ச நீதிமன்றம் அரசூழியர் வழக்குத் தொடுக்க முடியாது என்று அதை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இத்தீர்ப்பையும் மாற்றி வழக்கைத் திருப்பி அனுப்பியது. சட்டம் செல்லுமா என்னும் அடிப்படை வினா கடைசிவரை தீர்க்கப்படவில்லை.

இரண்டு உடன்படிக்கைகள்

1956 ஆகஸ்டுத் திருகோணமலை மாநாடு ஓராண்டுக் கெடு விதித்தது. கெடு முடிவதற்குள் 1957 ஜூலை 26 அன்று பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை உருவாயிற்று. சம அந்தஸ்து என்னும் கோரிக்கையைச் செல்வநாயகம் அதில் பெறவில்லை. சிங்களத்தின் தகுதிக்கு ஊறின்றித் தமிழ் தேசியச் சிறுபான்மையின் மொழியாக ஏற்கப்படும். வடக்கு, கிழக்கில் நிருவாகம் தமிழில் நடக்கும். பிரதேச சபைகள் அமையும் என்பனவே அதன் சாரம். மலையக மக்களின் குடியுரிமை பற்றிக் கிடைத்தது ஆராய்வதாகிய உறுதி மட்டுமே. 1948இல் எக்காரணத்திற்காக அவர் பழைய கட்சியைவிட்டு வெளியேறினாரோ, அக்காரணமே இங்குப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது என்னும் குறை நியாயமானது.

எனினும் இவ்வளவு சுருங்கிய உடன்பாடும் ஓராண்டு நிற்கவில்லை. 1957 அக்டோபரில் ஜயவர்த்தன கண்டி நடைபயணத்தைத் தொடங்கினார். 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் பிரதமர் இல்லத்தின்முன் அமர, பண்டாரநாயக்க உடன்படிக்கையைக் கைவிட்டார். மே மாதம் இனக்கலவரம் மூண்டது. செல்வநாயகம் உள்ளிட்டோர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். அவர்கள் காவலிலிருந்த காலத்தில் தமிழ் மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1958ஆம் ஆண்டின் 28ஆம் எண்ணாக நிறைவேறியது. அதற்கான விதிகள் 1966 ஜனவரி வரை வெளிவரவே இல்லை.

1961 பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கிப் பிற தமிழ் மாவட்டங்களுக்கும் பரவியது. அப்போது செல்வநாயகத்தைப் பார்க்கின்சன் நோய் பற்றியிருந்தது. ஏப்ரலில் தமிழரசு அஞ்சல் சேவை தொடங்கப்பட்டவுடன் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டனர். 1965 மார்ச் 24 அன்று டட்லி சேனநாயக்கவோடு இரண்டாம் உடன்படிக்கை ஏற்பட்டது. தமிழ் மொழி விதிகள் அதன் பயனாகவே வெளிவந்தன. மாவட்ட சபைகள் 1968இல் கைவிடப்பட்டன. முறிந்த உடன்படிக்கையின் பட்டறிவுக்குப் பின்னும் சட்டமாக்கப்படாத சொல்லை மீண்டும் நம்பியது அவர்மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு. சிறுபான்மைக் கட்சி ஒன்றுக்கு நாடாளுமன்றத்தில் வேறு வழி என்ன இருந்தது என்பதையும் குற்றஞ்சாட்டுவோர் சொல்லியாக வேண்டும்.

கலீசியாவின் ஒப்புமை

செல்வநாயகம் கேட்டது அளவிறந்ததா என்பதை அறிய இசுபானியாவின் வடமேற்கில் உள்ள கலீசியா உதவும். அங்கு வழங்கும் கலீசிய மொழி போர்த்துக்கீசியத்தின் உடன்பிறப்பு. இடைக்காலத்தில் கவிதை மொழியாகத் தழைத்து, பின்னர்க் காசுதீலிய மொழியின் ஆட்சியில் எழுத்து வழக்கை இழந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுமலர்ச்சி கண்டது. கலீசியத்திற்கும் தகுதியளிக்கும் தன்னாட்சிச் சட்டம் 1936 ஜூன் 28 அன்று மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டதால் முடங்கியது. சர்வாதிகாரி பிராங்கோவின் மறைவுக்குப் பின், 1978 அரசியலமைப்பு காசுதீலியத்தை நாடு முழுமைக்கும் ஆட்சிமொழியாக்கியதோடு, பிற மொழிகளும் தத்தம் பகுதிகளில் ஆட்சிமொழியாக வழிவகுத்தது. 1981ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டத்தில் கலீசியம் அத்தகுதி பெற்றது. 1983இல் மொழி இயல்பாக்கச் சட்டம் வந்தது. நாட்டு மொழியின் தகுதிக்கு ஊறின்றி வட்டார மொழிக்கு வட்டாரத்தில் நிருவாகத் தகுதி என்னும் இவ்வமைப்பு 1957 உடன்படிக்கையின் அமைப்பையே ஒத்தது. வேறுபாடும் உண்டு: இசுபானியா அதை அரசியலமைப்பில் எழுதியது, இலங்கையில் அது இரு தலைவர்களின் கையொப்பத்தோடு நின்றது.

இறுதி ஆண்டுகள்

1972 பிப்ரவரியில் செல்வநாயகம் தமிழ்நாடு வந்து, பெரியார், முதலமைச்சர் மு. கருணாநிதி முதலிய தலைவர்களைச் சந்தித்தார். அவ்வாண்டு மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு சிங்களத்தின் தனித்தகுதியை அடிப்படைச் சட்டமாகவே ஆக்கியது. பழைய அரசியலமைப்பின் சிறுபான்மையோர் காப்பான 29ஆம் பிரிவும் மறைந்தது. அதை வரைந்த அமைச்சர், 1956இல் சம அந்தஸ்துக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வா. அக்டோபர் 3 அன்று செல்வநாயகம் தம் பதவியைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்க இடைத்தேர்தல் நடத்துமாறு அரசை அறைகூவினார். அரசு இரண்டாண்டுகளுக்கும் மேலாக அதைத் தள்ளிப்போட்டது. 1975 பிப்ரவரி 6 அன்று நடந்த தேர்தலில் 16,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டை மாநாடு தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது தலைமை அவருடையதே. கூட்டாட்சிக்காக வாழ்நாள் முழுதும் வாதாடியவரின் கடைசிப் பெருந்தீர்மானம் கூட்டாட்சியைக் கைவிட்டது. 1977 ஏப்ரல் 26 அன்று அவர் மறைந்தார். யாழ்ப்பாண நூலகத்தின் அருகே அவருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது.

1987 நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என விதித்தது. அத்திருத்தத்தைக் கொண்டுவந்த குடியரசுத் தலைவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் கண்டிக்கு நடந்த ஜயவர்த்தன. சிங்களம் ஆட்சிமொழி என்னும் பழைய தொடர் அப்படியே நிற்க, தமிழ் அடுத்த தொடராக உம்மை பெற்று வந்தது. தமிழ் இலக்கணத்தார் அதனை இறந்தது தழீஇய எச்சவும்மை என்பர்.