இரு வெண்மணிப் பூக்கள்

நுழையும்முன்

ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும் இரு மலர்களை வேறு பிரித்து அறிவது எவ்வாறு? அதனைக் கற்கும் பொருட்டு வடதுருவ வட்டத்தையும் கடந்து சென்ற ஓர் இளைஞரின் வாழ்க்கை வரலாறே இப்பாடம்.

மலர்களிடையே வளர்ந்த சிறுவர்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் உள்ள ரோஷுல்ட் என்னும் சிற்றூரில் 1707ஆம் ஆண்டு மே மாதம் கார்ல் லின்னேயஸ் பிறந்தார். தந்தையார் நில்ஸ் கிறித்தவச் சமயகுரு. தோட்டக்கலையில் பெருவிருப்பம் கொண்டவர். அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட குடும்பப் பெயரே லிண்டன் என்னும் மரத்தின் பெயரிலிருந்து வந்ததாகும். சிறுவர் லின்னேயஸ் செடிகளின் பெயர்களைத் தந்தையிடம் ஓயாது கேட்பார்; கேட்டதை மறந்துவிட்டு மீண்டும் கேட்பார். மறப்பதாயின் இனிப் பெயர் எதுவும் சொல்வதற்கில்லை என்று தந்தை கண்டித்தார். அன்று முதல் பெயர்களை நினைவில் நிறுத்துவதே அவருக்குப் பெருமுயற்சி ஆயிற்று.

மகனும் தம்மைப் போலவே சமயகுரு ஆகவேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். ஆனால், பள்ளியில் அதற்குரிய பாடங்களில் அவர் பின்தங்கினார். ஏதேனும் ஒரு கைத்தொழிலில் அவரைச் சேர்த்துவிடலாமா என்று தந்தை வருந்தி எண்ணிய வேளையில், ரோத்மன் என்னும் மருத்துவ ஆசிரியர் இடையிட்டார். மருத்துவமும் தாவர இயலும் கற்றால் இச்சிறுவர் சிறப்புறுவார் என்று எடுத்துரைத்துத் தாமே கற்பித்தார். ஓர் ஆசிரியரின் நம்பிக்கை ஒரு வாழ்வின் திசையையே மாற்றியது.

தீயில் அழிந்த உழைப்பு

1728இல் லின்னேயஸ் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வறுமை அவரை வாட்டியது. தேய்ந்த காலணிகளின் உள்ளே தாளை மடித்து வைத்து நடந்தார். அங்கே பேராசிரியர் ருட்பெக் அவருக்கு ஆதரவளித்தார். ருட்பெக் 1695இல் வடகோடியில் உள்ள லாப்லாந்துப் பகுதிக்குச் சென்று செடிகளை ஆராய்ந்தவர். ஆனால், 1702இல் உப்சாலா நகரை அழித்த பெருந்தீயில் அவ்வுழைப்பின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. அக்குறையை நிறைவு செய்ய இளையவர் உறுதி பூண்டார். உப்சாலா அறிவியல் கழகம் சிறிதளவு பொருளுதவி அளித்தது. 1732ஆம் ஆண்டு மே மாதம், இருபத்தைந்து வயதை எட்டும் நிலையில், அவர் தனியே குதிரையேறிப் புறப்பட்டார்.

வடதிசைப் பயணம்

வழி எளிதாக அமையவில்லை. பனி உருகிப் பெருகிய சதுப்பு நிலத்தில் இடுப்பளவு குளிர்நீரில் நடக்க நேர்ந்தது. உணவின்றிச் சோர்ந்த வேளையில் அந்நிலத்தின் பழங்குடியினரான சாமி மக்களே அவருக்கு உணவளித்து வழிகாட்டினர். அவர்கள் செடிகளையும் கலைமான்களையும் பயன்படுத்தும் முறைகளை அவர் தம் குறிப்பேட்டில் விரிவாக எழுதிக்கொண்டார். சூலை மாதத்தில் உயர்மலைகளை அடைந்தபோது, முன்பு கண்டறியாத சிறுசெடிகள் பல கண்முன் தோன்றின. அனைத்தும் நிலத்தோடு ஒட்டி வளர்ந்தவை. பல ஒன்றையொன்று ஒத்தவை.

அவற்றுள் இரண்டு செடிகளைக் காண்போம். இரண்டும் தாழ்ந்து படரும் சிறுசெடிகள். இரண்டிலும் வெண்ணிற மணி போன்ற பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தாள்கள் பத்து. பூவை மட்டும் நோக்கினால் இரண்டும் ஒன்றே எனத் தோன்றும். இலையை நோக்கினாலோ வேறுபாடு விளங்கும். ஒன்றில் தடித்த சிற்றிலைகள் நான்கு வரிசையாக நெருங்கி அடுக்கியிருப்பதால் தண்டு நாற்பட்டையாகக் காட்சி தரும். மற்றொன்றில் இலைகள் ஊசிபோல் மெலிந்திருப்பதால், பூக்காத காலத்தில் அச்செடி பாசி போலவே தோன்றும்.

நிறத்தை நம்பிச் செடிகளைப் பிரித்தலாகாது என்பது லின்னேயஸின் கொள்கை. பனிமலையில் வளரும் ஒரு மலர் வெண்மையாக மலர்ந்து, நாள் செல்லச் செல்லச் செந்நிறம் பெறும். அதன் நிறம் எது என்று கூறுவது? ஆகவே மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை, இலையின் வடிவம், அமைப்பு ஆகிய நிலையான அடையாளங்களை அவர் நாடினார்.

இரு சொற்களில் ஒரு பெயர்

லாப்லாந்தில் கண்ட 500க்கும் மேற்பட்ட தாவர வகைகளை விளக்கும் நூலை 1737இல் வெளியிட்டார். அக்காலத்தில் ஒரு செடியின் பெயர் ஒரு முழு வாக்கியம்போல் நீண்டிருந்தது. 1753இல் வெளிவந்த நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களாலான பெயரை அவர் வழங்கினார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறித்தன. வெண்மணிப் பூச்செடிகள் இரண்டும் ஆண்ட்ரோமிடா என்னும் பேரினத்தில் சேர்ந்தன. ஒன்று நாற்பட்டை எனப் பொருள்படும் டெட்ராகோனா என்றும், மற்றொன்று பாசி போன்றது எனப் பொருள்படும் ஹிப்னாய்டஸ் என்றும் பெயர் பெற்றன. பெயரைக் கேட்டாலே வேறுபாடு நினைவுக்கு வந்தது.

அவருடைய மாணவர்கள் பல நாடுகளுக்கும் சென்றனர். அவர்களுள் ஒருவரான கோனிக் 1768இல் தமிழகத்தின் தரங்கம்பாடிக்கு வந்து, நம் மண்ணின் செடிகளையும் அம்முறைப்படி ஆராய்ந்தார்.

லின்னேயஸ் 1778ஆம் ஆண்டு சனவரி மாதம் உப்சாலாவில் மறைந்தார். அவருடைய முடிவுகள் அனைத்தும் நிலைக்கவில்லை. மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்த பிரிவுகளைப் பின்வந்தோர் கைவிட்டனர். அவ்விரு செடிகளும் இன்று வெவ்வேறு பேரினங்களில் வைக்கப்பட்டுள்ளன. எனினும், டெட்ராகோனா, ஹிப்னாய்டஸ் என்னும் இரண்டாம் சொற்கள் இன்றும் வழங்குகின்றன. கருத்து மாறினும், கூர்ந்து கண்ட உண்மை மாறுவதில்லை.

பயிற்சி

1. ருட்பெக்கின் உழைப்பு எவ்வாறு அழிந்தது?
2. வெண்மணிப் பூச்செடிகள் இரண்டிற்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை அட்டவணையாக எழுதுக.
3. நிறத்தைக் கொண்டு மலர்களைப் பிரித்தல் ஏன் பொருந்தாது?
4. பிரித்து எழுதுக: பெருவிருப்பம், குளிர்நீர், அவ்வுழைப்பு.
5. உம் பள்ளித் தோட்டத்தில் ஒத்துத் தோன்றும் இரு செடிகளைக் கண்டு, அவற்றை வேறுபடுத்தும் அடையாளங்களை ஐந்து தொடர்களில் எழுதுக.