கோல்ரிட்ஜும் அபினியும்

கடற்பறவையை எய்து கொன்ற கிழமாலுமியின் கதையை ஆங்கிலப் பாடத்திற் படித்தறியாதார் நம்மிற் சிலரே. அப்பாட்டின் ஆசிரியராகிய சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் என்பார், 1772-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் டெவன் நாட்டுப்புறத்து ஆட்டரி செயின்ட் மேரி என்னும் ஊரில், திருச்சபைக் குரு ஒருவரின் கடைசி மகவாய்ப் பிறந்தார். ஒன்பது வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இலண்டன் மாநகரத்து அறப்பள்ளி ஒன்றிற் பயின்றார். 1791-இல் கேம்பிரிட்ஜ் சென்றவர், கடன் தொல்லையால் பொய்ப்பெயர் பூண்டு குதிரைப்படையிற் புகுந்தார். குதிரைமேல் நிலையாக அமரவுந் தெரியாத அவ்வீரரைத் தமையன்மார் மீட்டனர். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். எனினும் 1798-இல் வோர்ட்ஸ்வொர்த்துடன் கூடி வெளியிட்ட பாடற்றொகுதி ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

நிற்க. இளமையிலேயே கீல்வாதக் காய்ச்சல் அவரைப் பற்றியிருந்தது. அந்நாளில் வலிக்கெல்லாம் கைகண்ட மருந்து லாடனம், அஃதாவது சாராயத்திற் கரைத்த அபினி. 1868-இல் சட்டம் பிறக்கும்வரை அதனை மளிகைக் கடையிலும் வாங்கலாம்; அழுங் குழந்தைக்குத் தாய்மார் அபினி கலந்த மருந்தை ஊட்டி உறங்கச் செய்வர். கோல்ரிட்ஜும் இன்பம் நாடியன்று, வலி தாங்காமையாலேயே அதனை உண்ணத் தொடங்கினார். 1801-ஐ ஒட்டி, உண்ணாதிருத்தல் இயலாது என்னும் நிலை வந்துற்றது.

அபினி உடம்பினுட் செய்வது யாதென அவர்கால மருத்துவர் அறியார். நரம்பணுக்களின்மேல் அபினிச் சத்தாகிய மார்பின் சென்று பொருந்தும் இடங்கள் உள என்பது 1973-இல்தான் தெளிவாயிற்று. நம் உடலே வலியைத் தணிக்கச் சுரக்கும் பொருள்களுக்கென அமைந்த இடங்கள் அவை. நாடோறும் அபினி வந்து அவற்றை நிரப்புமாயின், நரம்பணுக்கள் தம்மை அதற்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ளும். ஆகவே முன்னைய அளவு போதாதாகிறது. அளவு குறைந்தாலோ, அதுகாறும் அடக்கப்பட்டிருந்த மூளைத்தண்டின் அணுக்கள் கட்டவிழ்ந்து கிளம்புகின்றன. வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, எலும்பை முறிப்பது போன்ற வலி, உறக்கமின்மை ஆகியன ஒருங்கே வந்து தாக்கும். இவை யாவும் கோல்ரிட்ஜ் பட்ட பாடுகளே. கண்மூடினால் கொடுங்கனவு, வீட்டார் விழித்தெழுமாறு அலறுவார். குடலின் நரம்புகளும் அபினியால் மரத்துப்போம். 1804-இல் உடல்நலம் நாடி மால்டாத் தீவுக்குச் சென்றபொழுது, நடுக்கடலில் மலச்சிக்கல் முற்றி, வேறு கப்பலினின்று மருத்துவரை அழைக்க நேர்ந்தது.

1806-இல் மீண்டவர் முன்னினும் மெலிவுற்றிருந்தார். மனைவியைப் பிரிந்தார். 1808-இல் இலண்டனில் அறிவித்த சொற்பொழிவுகள் பல நடைபெறாது போயின. கனவிற் கண்டதாக அவரே கூறிய 'குப்ளா கான்' பாட்டைச் சுட்டி, அபினியே கவியைத் தந்தது என்பாரும் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. மாலுமியின் பாட்டு நண்பருடன் நெடுந்தூரம் நடந்து, பேசித் திருத்தி, பன்முறை எழுதி எய்திய உழைப்பின் பயன். அபினி முற்றும் ஆட்கொண்ட பின்னர் அத்தகைய நெடும்பாட்டு ஒன்றேனும் அவரிடமிருந்து பிறக்கவில்லை. தொடங்கிய 'கிறிஸ்டபெல்' முடிவுபெறவும் இல்லை.

நண்பர்களோ அவரை மனவுறுதியற்றவர் என்றனர். 1810-இல் வோர்ட்ஸ்வொர்த், அவரை வீட்டில் வைத்திருப்பது பெருந்தொல்லை என ஒருவரை எச்சரித்தார். அச்செய்தி கோல்ரிட்ஜின் செவிக்கு எட்டவே, ஆங்கில இலக்கியத்தின் அருமையான நட்பு முறிந்தது. ஸதே என்னும் கவிஞர், அவர் விரும்பினால் விட்டுவிடலாம் என்றே கருதினார். விரும்பாதவரோ அவர்? அபினிக் கடைக்குட் புகாதபடி தம்மைத் தடுத்து நிறுத்தக் கூலிக்கு ஆள் அமர்த்தி, பின் அவ்வாளையே விலகி நிற்குமாறு அதட்டினார் என்பர். 1814-இல், தம்மைப் பித்தர் விடுதியில் அடைத்துக் காவலில் வைக்குமாறு நண்பரை வேண்டினார். சிந்திக்கும் ஆற்றல் குறையாமல் நிற்க, எண்ணியதைச் செய்யும் ஆற்றல் மட்டும் கையைவிட்டுப் போயிற்று என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். அவர் உணர்ந்த அளவு அவரைக் கண்டித்தவர் உணரவில்லை.

1816 ஏப்பிரலில், இலண்டனை அடுத்த ஹைகேட்டில் வாழ்ந்த ஜேம்ஸ் கில்மன் என்னும் மருத்துவர் அவரைத் தம் இல்லத்தில் ஏற்றார். கில்மன் அபினியை ஒரேயடியாக நிறுத்தினாரல்லர். அளவைக் குறைத்துத் தம் கையாலேயே வழங்கினார். கவிஞர் மறைவாகக் கடையில் வாங்கியதுண்டு. கில்மன் அதுபற்றி அவரை வெளியேற்றவில்லை. சிலநாள் தங்க வந்தவர் பதினெட்டாண்டு தங்கினார். 1817-இல் தம் இலக்கிய வாழ்க்கை நூலையும், 1825-இல் சமய ஆராய்ச்சி நூலொன்றையும் அவ்வீட்டிலிருந்தே வெளியிட்டார். அபினி முற்றும் நீங்கியதென்பதில்லை. அவர் மீண்டும் நூல் முடிக்கக் கற்றார் என்பதே உண்மை.

1834 ஜூலை 25-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். கில்மன் நண்பரின் வரலாற்றை எழுதத் தொடங்கி 1838-இல் முதற்பகுதியை வெளியிட்டார். மறு ஆண்டே அவரும் மறைந்தமையால் இரண்டாம் பகுதி வெளிவரவில்லை.