‘சி டிரைவ்’ எங்கிருந்து வந்தது? பில் கேட்ஸுக்கு முன்பே சாதித்த கேரி கில்டால் யார்?

கம்ப்யூட்டரைத் திறந்ததும் கண்ணில் படுவது சி டிரைவ். அப்போ ஏ-வும் பி-யும் எங்கே போச்சு? அந்த ரெண்டு எழுத்தும் பழைய ஃப்ளாப்பி டிஸ்க்குகளுக்குப் போய்விட்டன. டிரைவுக்கு எழுத்து வைத்துக் கூப்பிடும் இந்தப் பழக்கத்தைச் சின்ன கம்ப்யூட்டர்களில் பரப்பியவர் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கில்டால்.

இவர் பெயரை எடுத்தாலே பலரும் சொல்வது ஒரே கதைதான். ஐபிஎம் ஆட்கள் தேடி வந்த நாளில் விமானம் ஓட்டப் போய், பில் கேட்ஸுக்குக் கிடைத்த கோடிகளைக் கோட்டை விட்டவர் என்பார்கள். அது எவ்வளவு உண்மை? அவர் நிஜமாகவே செய்து வைத்துவிட்டுப் போனது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கேரி கில்டால்?

1942 மே 19-ம் தேதி சியாட்டில் நகரில் பிறந்தார் கில்டால். கப்பல் ஓட்டுபவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பள்ளியை நடத்திய குடும்பம் அவருடையது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணக்கு படிக்கப் போனவர், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். 1972-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கலிபோர்னியாவின் மாண்டெரே நகரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை.

1971-ல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற மைக்ரோபிராசஸர் சிப்பை வெளியிட்டது. அறை முழுக்க நிற்கும் கம்ப்யூட்டர்தான் கம்ப்யூட்டர் என்று இருந்த காலம் அது. விரல்நுனி அளவு சிப்பையும் முழு கம்ப்யூட்டராக மாற்றலாம் என்று சீக்கிரமே புரிந்துகொண்டவர்களில் கில்டாலும் ஒருவர். இன்டெலுக்கு ஆலோசகராகப் போய், அவர்களுடைய சிப்புகளுக்காக பிஎல்/எம் என்ற புரோகிராமிங் மொழியையும் எழுதிக் கொடுத்தார்.

டிஸ்க் இருக்கு, பேசத்தான் ஆள் இல்லை

ஷுகார்ட் நிறுவனத்தின் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று கில்டால் கைக்கு வந்தது. ஆனால் அதைச் சிப்போடு இணைக்கும் கன்ட்ரோலர் சர்க்யூட் இல்லை. அவரே செய்து பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோட் சர்க்யூட்டைச் செய்து கொடுத்தார்.

ஃபைலை டிஸ்க்கில் எழுத, தேட, அழிக்க ஒரு புரோகிராம் வேண்டுமே? அதற்காக 1974-ல் கில்டால் எழுதியதுதான் சிபி/எம். அந்தப் பெயரைக் கேட்டால் நமக்குக் கட்சி ஞாபகம் வரும், ஆனால் இது ஆபரேட்டிங் சிஸ்டம். இன்டெலிடம் காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி, நாமே விற்போம் என்று மனைவி டோரதியோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். பிறகு அது டிஜிட்டல் ரிசர்ச் என்று சுருங்கியது.

பயாஸ் பிறந்த கதை

பிரச்சனை இனிமேல்தான் ஆரம்பம். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு மாதிரி கம்ப்யூட்டர் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் டிஸ்க் கன்ட்ரோலர் வேறு, கீபோர்டு வேறு, பிரிண்டர் வேறு. புது மெஷின் வரும்போதெல்லாம் சிபி/எம்-மைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோடை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மெஷினுக்காகக் கை வைத்தால் இன்னொரு இடத்தில் புதுசா ஒரு பிழை முளைக்கும். ஒரு பிழையைச் சரி செய்தால், அதே திருத்தத்தை எல்லா மெஷினுக்கான பிரதியிலும் திரும்பச் செய்யணும்.

இம்சாய் என்ற நிறுவனம் தன் கம்ப்யூட்டருக்கு சிபி/எம் கேட்டு வந்தபோது, கில்டால் இதற்கு ஒரு முடிவு கட்டினார். சிஸ்டத்தை இரண்டாகப் பிரித்தார். ஃபைலைக் கையாளும் பொதுவான பகுதி ஒன்று, அதற்குப் பெயர் பிடாஸ். எந்த மெஷினாக இருந்தாலும் இது மாறாது. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் சின்னப் பகுதி இன்னொன்று. அதற்கு அவர் வைத்த பெயர்தான் பயாஸ்.

வெள்ளைக்காரர் காலத்தில் இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்ன துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் செய்வது அந்த வேலைதான். சிபி/எம் 2.2 பதிப்பில் இந்தத் துபாஷிக்கு மொத்தமே 17 வேலைகள். கீபோர்டிலிருந்து ஓர் எழுத்தை வாங்குவது, திரையில் ஓர் எழுத்தைப் போடுவது, டிரைவைத் தேர்ந்தெடுப்பது, டிஸ்க்கில் ஒரு துண்டைப் படிப்பது, எழுதுவது... இப்படி.

புது கம்ப்யூட்டர் செய்கிறவர் இந்த 17 வேலைக்கு மட்டும் கோடு எழுதினால் போதும், சிபி/எம் ஓடும். எப்படி எழுதணும் என்று வழிகாட்டிப் புத்தகமும், மாதிரி பயாஸும் டிஜிட்டல் ரிசர்ச்சே கொடுத்தது. புது வன்பொருளுக்கு வழி செய்வது அதைத் தயாரிப்பவர் பொறுப்பு. பொதுப் பகுதியில் பிழை என்றால், கில்டால் ஒருமுறை திருத்தினால் எல்லோருக்கும் சேர்த்துத் திருத்திய மாதிரி.

பூச்சி மருந்துப் பெயரில் ஒரு கருவி

பிழையைக் கண்டுபிடிக்கவும் சிபி/எம் கூடவே ஒரு கருவி வந்தது. பெயர் டிடிடி. ஆமாம், பூச்சி மருந்தின் பெயரேதான்! கம்ப்யூட்டர் உலகில் பிழைக்குப் ‘பக்’, அதாவது பூச்சி என்று பெயர். பெரிய கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே இருந்த இந்தப் பெயரைக் கில்டாலும் வைத்துக்கொண்டார். புரோகிராமை ஒவ்வொரு படியாக ஓடவிட்டு, நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க இது உதவியது. புது மெஷினுக்கு பயாஸ் எழுதுகிறவர்களுக்கு இதுதான் கைவிளக்கு.

பலன் என்ன? ஒரே புரோகிராம் பல நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் ஓடியது. மென்பொருளை மட்டும் எழுதி விற்றுப் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. 90-களில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கு வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் மறந்திருக்காது. ரெண்டுமே முதலில் வளர்ந்தது சிபி/எம்-மில்தான்.

ஐபிஎம் வந்த நாளில் என்ன நடந்தது?

1980-ல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தேடியது. அவர்களைக் கில்டாலிடம் அனுப்பி வைத்ததே பில் கேட்ஸ்தான். அன்று காலை கில்டால் தன் சொந்த விமானத்தில் கிளம்பியது உண்மை. ஆனால் அது உல்லாசப் பயணம் இல்லை, ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போன தொழில் பயணம். நிறுவனத்தின் வியாபாரத்தைக் கவனித்த டோரதி, ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார். பிறகு நடந்த பேச்சில் யார் என்ன சொன்னார்கள் என்பதில் ஆளாளுக்கு ஒரு கதை. டீல் முடியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஐபிஎம் மைக்ரோசாஃப்ட்டிடம் திரும்பியது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் வாங்கி, ஐபிஎம்முக்குக் கொடுத்தது. சிபி/எம்-முக்கான புரோகிராம்களை எளிதாக மாற்றிக்கொள்ளும்படி அமைத்த சிஸ்டம் அது. தன் வடிவமைப்பு அதில் அப்படியே இருக்கிறது என்று கொதித்தார் கில்டால். அவரைச் சமாதானப்படுத்த, சிபி/எம்-86-ஐயும் சேர்த்து விற்கிறோம் என்றது ஐபிஎம்.

விற்றது. என்ன விலைக்கு? டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். அதுவும் பல மாதம் தாமதமாக. கடைக்குப் போகிறவர் எதை எடுப்பார்? ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அதற்குப் பிறகு

கில்டால் முடங்கிவிடவில்லை. 1983 முதல் 1990 வரை ‘தி கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ்’ டிவி நிகழ்ச்சியைச் சேர்ந்து தொகுத்து வழங்கினார். 1985-ல் அவர் தொடங்கிய இன்னொரு நிறுவனம் குரோலியர் கலைக்களஞ்சியத்தை சிடி-ரோமில் கொண்டுவந்தது. 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நோவெல் வாங்கியது.

1994 ஜூலை 8-ம் தேதி மாண்டெரேயில் ஒரு பாரில் அவர் தலையில் அடிபட்டது. மூன்றாவது நாள், ஜூலை 11-ல் உயிர் பிரிந்தது. வயது 52.

பசிபிக் குரோவ் ஊரில் அவருடைய நிறுவனம் இயங்கிய கட்டடத்தின் முன் 2014-ல் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ நினைவுப் பலகை பதித்தது. அதே ஆண்டு, கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் சிபி/எம்-மின் ஆரம்பகாலக் கோடை வெளியிட்டது.

இன்று உங்கள் கையில்

உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் கேமரா ஒரு கம்பெனி, சிப் ஒரு கம்பெனி, திரை இன்னொரு கம்பெனி. அத்தனையும் ஒன்றாக வேலை செய்ய, வன்பொருளுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவே டிரைவர், ஹார்டுவேர் லேயர் என்று ஒரு துபாஷிக் கூட்டமே நிற்கிறது. வன்பொருள் கோடைத் தனியாக வை, மற்றதைப் பொதுவாக வை என்ற யோசனை 50 வருஷம் ஆகியும் தேயவில்லை.

தவறவிட்ட அந்த ஒரு டீலை வைத்தே கில்டாலை இன்னும் எடை போடுகிறார்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திரையில் பயாஸ் என்ற சொல் கண்ணில் பட்டால், அது அவர் வைத்த பெயர் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.