பொம்மை ரயிலின் தந்தையும் போடி பாதையின் இன்ஜின்களும்

இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரத்துக்கு ரயில் நிலையம் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மலையடிவாரம் வரை பாதை வேண்டும் என்பது தேனி மாவட்டத்தின் பல்லாண்டுக் கோரிக்கை. மாவட்டத்துக்கு வாய்த்திருப்பது மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரும் சுமார் 90 கி.மீ. பாதை மட்டுமே. 1928-ல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்ட அதில் நீண்ட காலம் நீராவி இன்ஜின்கள் ஓடின. 2010-ஆம் ஆண்டோடு மீட்டர் கேஜ் விடைபெற்றது. அகலப் பாதையாக மாறி, 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் ரயில் திரும்பியது. அந்த நீராவி இன்ஜின்களை இனி எந்தப் பாதையும் திருப்பித் தராது. மாதிரி வடிவில் மட்டுமே அவற்றை மீட்க முடியும்.

மாதிரி ரயில் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இன்னும் மாதிரியாக வெளிவராத நீராவி இன்ஜின்களைப் பட்டியலிட்டு, அடுத்து எதைத் தயாரிக்க வேண்டும் என்று நிறுவனங்களைக் கேட்பது பிரிட்டனில் உள்ள வழக்கம். ஓடி ஓய்ந்த இன்ஜின்களில் எவை நினைவில் நிற்கும் என்பதை அந்தப் பட்டியல்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் ஃபிராங்க் ஹார்ன்பி.

லிவர்பூல் நகரில் 1863 மே 15 அன்று, உணவுப் பொருள் வணிகர் ஒருவரின் மகனாக ஹார்ன்பி பிறந்தார். 16 வயதில் பள்ளியை விட்டு, தந்தையின் கடையில் காசாளரானார். பொறியியல் படித்தவர் அல்லர். 1899-ல் தந்தை இறந்தபின், இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பவரிடம் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார்.

வீட்டில் தம் இரு மகன்களுக்காகத் தகட்டை வெட்டிப் பளுதூக்கியும் பாலமும் செய்து கொடுப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகத் துண்டுகளை வெட்ட வேண்டியிருந்தது. எல்லாத் துண்டுகளிலும் அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவுத் துளைகள் இட்டால், பாலத்தைக் கழற்றி அதே துண்டுகளால் பளுதூக்கி கட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. திருகாணியும் மரையும் போதும். பொம்மைக்கு முடிவான வடிவம் தேவையில்லை. முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் பெற்று, 1901-ல் அதற்குக் காப்புரிமை கோரினார்.

1902-ல் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டிகள் 1907-ல் மெக்கானோ என்ற பெயரைப் பெற்றன. அடுத்த ஆண்டு நிறுவனமும், 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலையும் உருவாயின. இன்றும் இந்தியக் கடைகளில் கிடைக்கும் துளையிட்ட பட்டைகளும் திருகாணிகளும் கொண்ட பொம்மைப் பெட்டிகள், அந்தக் கணக்கர் வீட்டில் பிறந்த யோசனையின் வழிவந்தவையே.

ரயிலுக்கு அவர் வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. அதுவரை பொம்மை ரயில் என்றால் ஜெர்மனிதான். போர் அந்த இறக்குமதியை நிறுத்திவிட்டிருந்தது. 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில் கடைகளுக்கு வந்தது. தொடக்ககால இன்ஜினும் பெட்டிகளும் மெக்கானோவைப் போலவே திருகாணிகளால் இணைக்கப்பட்டவை; சிறுவர்கள் கழற்றிப் பூட்டலாம். 1925-ல் மின்சார ரயிலும் வந்தது.

விற்பனை பெருகியபோது தயாரிப்பு முறையும் மாறியது. ஒரே தகர இன்ஜினுக்கு நான்கு ரயில் நிறுவனங்களின் வண்ணங்களைத் தீட்டி, நான்கு இன்ஜின்களாக விற்றார்கள். நாளடைவில், தம் ஊர்வழி ஓடும் இன்ஜின் அச்சு அசலாக வேண்டும் என்ற ஆசை வாங்குவோரிடம் வளர்ந்தது. 1916 முதல் வெளிவந்த மெக்கானோ இதழும், 1928-ல் தொடங்கிய ஹார்ன்பி ரயில்வே கம்பெனி என்ற சிறுவர் அமைப்பும் அந்த ஆர்வத்தை ஊட்டி வளர்த்தன. போடிக்கு முதல் ரயில் வந்த அதே ஆண்டில் லிவர்பூலிலிருந்து ஒரு பொம்மை ரயில் கம்பெனி உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

ஹார்ன்பி செல்வந்தரானார். 1931 முதல் 1935 வரை எவர்ட்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1936 செப்டம்பர் 21 அன்று, 73 வயதில் மறைந்தார். இளவரசி எலிசபெத் என்ற புகழ்பெற்ற இன்ஜினின் மாதிரி 1937-ல்தான் வந்தது. 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடிய சிறிய டப்லோ ரயில்கள் 1938-ல் வந்தன. 1964-ல் நிறுவனம் கைமாறியது. 1979-ல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஹார்ன்பி என்ற பெயர் வேறொரு நிறுவனத்தின் வழியே இன்றும் மாதிரி இன்ஜின்களில் வாழ்கிறது.

அந்த விருப்பப் பட்டியல்களில் நம் இன்ஜின்களுக்கு இடம் அரிது. சந்தை சிறியது என்பது ஒரு காரணம். அளவு இன்னொரு காரணம். பிரிட்டிஷ் மாதிரிகள் அசலில் 76-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. அந்த அளவில் நம் மீட்டர் கேஜ் 13 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகவும், அகலப் பாதை 22 மி.மீ.யாகவும் சுருங்கும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் இரண்டுக்கும் பொருந்தாது. வெளிநாட்டு நிறுவனம் நமக்காக இதையெல்லாம் மாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஹார்ன்பியின் வாழ்வில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முதல் பத்தாண்டுகளை. கடையில் இல்லாததை வீட்டில் செய்தவர் அவர். தாம் செய்ததைப் பிறரும் செய்யும்படி பொது அளவைத் தந்தவர். நமக்கும் அந்த வாய்ப்பு உண்டு. திருச்சி பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்காக இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டியிருக்கிறது. முழு இன்ஜினையே கட்டத் தெரிந்த மாநிலத்துக்கு மாதிரி எட்டாத காரியம் அல்ல.

மீட்டர் கேஜ் இன்ஜின்களின் வரைபடங்களை ரயில்வே பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட வேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரம் உள்ள பொறியியல் கல்லூரிகள் அவற்றிலிருந்து பாகங்களைச் செய்து, பொது அளவொன்றை வகுத்து, பள்ளிகளுக்குத் தரலாம். அந்த இன்ஜின்களை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் மூப்பெய்திவிட்டார்கள். எந்தக் குழாய் எங்கே போகும் என்று சொல்லித்தர அவர்கள் இருக்கும்போதே இது நடக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குக்கு ரயில் வருவது அரசின் கையில் உள்ளது. பண்ணைப்புரத்துப் பள்ளி மேசையில் ஒரு போடி ரயில் ஓடுவதற்கு, வரைபடமும் சில மாணவர்களும் ஒரு பெட்டித் திருகாணியும் போதும்.