பத்திராதிபர் ஜோசப் புலிட்சர்

அமெரிக்கா தேசத்துக் கொலம்பியா ஸர்வகலாசாலையார் ஆண்டுதோறும் சிறந்த பத்திரிகை எழுத்துக்களுக்கு வழங்கிவரும் புலிட்சர் பரிசைப் பற்றி நம் சங்கத்து அன்பர்கள் கேள்வியுற்றிருப்பர். அப்பெயருக்குரிய மனிதர் இன்னாரென்பதை அறிந்தவர் சிலரே. பத்திரிகைகள் தாம் கருதியதை அச்சமின்றி எழுதலாமா என்பதும், அங்ஙனம் எழுதுமிடத்து ஒரு கட்சியின்பாற் சாய்ந்து எழுதுவது தகுமா என்பதும் இந்நாளில் எங்கும் வாதிக்கப்படுகின்றன. இவ்விரண்டு வினாக்களும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து மோதியமையை அறிய விரும்புவோர்க்கு இச்சரித்திரம் பயன்படுமென்று கருதி ஈண்டுச் சுருக்கி வரையலாயினோம்.

ஜோசப் புலிட்சர் 1847-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 10-ஆந் தேதி ஹங்கேரி தேசத்து மக்கோ என்னும் ஊரில் யூத குலத்திற் பிறந்தார். தந்தையார் தானிய வியாபாரி. 1858-ல் அவர் காலஞ்செல்லவே குடும்பம் நொடித்தது. புலிட்சர் பதினேழாவது வயதில் பட்டாளத்திற் சேர விரும்பி ஆஸ்திரியச் சேனையாரை அடுத்தார். மெலிந்த தேகமும் மங்கிய கண்பார்வையும் உடையவரென்று அவர்கள் தள்ளிவிட்டனர். அச்சமயம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆள் போதாமையால் வடநாட்டுச் சேனைக்கு ஐரோப்பாவிலும் ஆள் திரட்டி வந்தனர். ஆஸ்திரியா வேண்டாமென்ற கண்களை அமெரிக்கா வேண்டுமென்றது. 1864-ல் கடல் கடந்து சென்று குதிரைப்படையொன்றிற் சேர்ந்தார். ஆங்கிலம் அவருக்கு அப்போது வாராது.

யுத்தம் முடிந்ததும் வேலை போயிற்று. 1865-ல் ஜெர்மானியர் மிகுதியாகக் குடியேறியிருந்த ஸெயின்ட் லூயி நகரத்தை அடைந்து, கோவேறு கழுதைகளை மேய்த்தும், உணவு விடுதியிற் பரிமாறியும் காலங்கழித்தார். ஓய்ந்த நேரமெல்லாம் அந்நகரத்து வாசகசாலையில் அமர்ந்து ஆங்கிலமும் சட்டமும் பயின்றார். 1868-ல் அங்கு ஜெர்மன் பாஷையில் நடந்துவந்த தினசரி ஒன்றில் நிருபர் உத்தியோகம் கிடைத்தது. அடுத்த வருஷமே மிஸ்ஸூரி மாகாணச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அங்கத்தினராவதற்கு அவரினும் அதிக வயது நிரம்பியிருத்தல் வேண்டுமென்பது விதி. இவருக்கோ 22. அதனை எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

சட்டசபை அங்கத்தினராயிருந்துகொண்டே சட்டசபையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிவந்தார். இஃது இக்காலத்தார் ஒப்பாத முறை. 1870-ல், அரசாங்கக் கட்டட வேலையில் நடந்த ஊழலைத் தாம் வெளியிட்டமைக்காகத் தம்மைப் பொய்யனென்று பலர் முன்னிலையில் ஏசிய கண்டிராக்டர் ஒருவரைத் துப்பாக்கியாற் சுட்டுக் காலிற் காயப்படுத்தி, 100 டாலர் அபராதமுஞ் செலுத்தினார். பத்திராதிபருக்கு இன்றியமையாத பொறுமை என்னும் குணம் அவர்பால் அன்றும் இல்லை, பின்னரும் வந்ததில்லை.

முதலில் ரிபப்ளிக்கன் கட்சியிலிருந்தவர், 1872-ஆம் வருஷத் தேர்தலில் அக்கட்சியிலிருந்து பிரிந்தவர்களோடு சேர்ந்து தோல்வியுற்று, அதன்பின் டெமாக்ரடிக் கட்சியைச் சார்ந்தார். 1878-ல் நொடித்துப்போன ஒரு தினசரியை 2,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, சின்னாட்களில் வேறொன்றுடன் இணைத்து, போஸ்ட்-டிஸ்பாச் என்னும் பெயரால் நடத்தலாயினார். எந்தக் கட்சிக்கும் அடிமைப்படாது பொதுஜனங்களுக்கே உழைப்பதென்று முதலிலேயே அறிவித்தார். உடனே அவர் செய்தது யாதெனில், நகரத்துத் தனவந்தர்கள் வரி விதிப்போரிடம் தங்கள் சொத்தின் மதிப்பென்று எழுதிக்கொடுத்த தொகைகளைப் பெயர்வாரியாக அச்சிட்டு வெளியிட்டதே. மாளிகையில் வாழ்வோர் குடிசைவாசிகளைப்போற் கணக்குக் காட்டியிருந்தமையை ஊரார் கண்டு நகைத்தனர். ஒரு வசைமொழியும் வேண்டியிருக்கவில்லை, கணக்கே பேசிற்று. அவர் வாழ்நாளிற் செய்த பத்திரிகை வேலைகளுள் இதனையே யாம் மிகவும் மதிக்கின்றோம்.

ஆனால் அதே பத்திரிகை தேர்தற் காலங்களில் எதிரிகளைத் தாக்கியதில் அளவு கடந்தது. 1882-ல், தம் கூட்டாளியைப் பற்றி எழுதியவற்றாற் கோபமடைந்த வக்கீல் ஒருவர் காரியாலயத்திற் புகுந்தபோது, புலிட்சரின் ஆசிரியராகிய காக்கரில் அவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பென்று வழக்கு நில்லாதுபோயினும் ஊரார் மனம் ஆறவில்லை. பத்திரிகை விற்பனை குன்றியது. புலிட்சரும் அந்நகரில் வாழ மனமின்றி நியூயார்க்கு சென்று, 1883-ல் ஜே கூல்ட் என்னும் ரெயில்வே முதலாளியிடமிருந்து வொர்ல்டு என்னும் தினசரியை 3,46,000 டாலருக்கு விலைக்கு வாங்கினார்.

வாங்கிய சில நாட்களுக்குள் தமது கொள்கைகளைப் பத்து வரிகளில் வெளியிட்டார். ஆடம்பரப் பொருள்களுக்கும், பிதிரார்ஜித சொத்துக்களுக்கும், பெரிய வருமானங்களுக்கும் வரி. லஞ்சம் வாங்கும் உத்தியோகஸ்தர்க்குத் தண்டனை. வோட்டுகளை விலைக்கு வாங்குவோர்க்குத் தண்டனை. தொழிலாளிகளைத் தம் விருப்பப்படி வோட்டளிக்கக் கட்டாயப்படுத்தும் முதலாளிகளுக்குத் தண்டனை என்றிவ்வாறு சென்றது அப்பட்டியல். பத்திரிகையின் விலையோ இரண்டு செண்டு. கப்பலிலிருந்து நேற்று இறங்கியவனும் படித்தறியும்படி எளிய நடை, பெரிய தலைப்பு, படம். தாம் வாசகசாலையில் ஆங்கிலங் கற்ற நாட்களை அவர் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. டெமாக்ரடிக் கட்சியார் நிறுத்திய கிளீவ்லாந்தை வொர்ல்டு முழு மூச்சுடன் ஆதரித்தது. தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் எதிர்க்கட்சி வேட்பாளராகிய பிளெயின் கோடீசுவரர்களோடு ஒரு விருந்துண்டார். மறுநாள் வொர்ல்டின் முதற் பக்கத்தில், பணமூட்டைகள் சூழ அவர் வீற்றிருக்க, பசித்த குடும்பமொன்று எதிரே நின்று இரப்பதாக ஒரு பெரிய விகடச் சித்திரம் வெளிவந்தது. கட்சியார் அதனைப் பெருந்தாள்களில் அச்சிட்டு மாகாணமெங்கும் ஒட்டினர். நியூயார்க்கு மாகாணத்தில் ஏறக்குறைய ஆயிரத்துச் சொச்சம் வோட்டு வித்தியாசத்தில் கிளீவ்லாந்து வெல்ல, அம்மாகாணமே தேர்தலை நிர்ணயித்தது. சித்திரம் பக்ஷபாதமானதுதான். விருந்து நடந்ததோ உண்மை. அதே தேர்தலில் புலிட்சர் தாமும் காங்கிரஸ் சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, இரு வேலையும் ஒருவராற் செய்யவியலாதென்று கண்டு 1886-ல் விலகினார்.

1885-ல், பிரான்ஸ் தேசத்தார் நன்கொடையாக அளித்த சுதந்திர தேவியின் உருவத்தை நிறுத்த மேடை கட்டப் பணமில்லை. செல்வர்கள் கைவிரித்தனர். புலிட்சர் ஏழைகளை வேண்டினார். ஒரு செண்டு கொடுத்தவர் பெயரையும் அச்சிடுவதாக வாக்களித்தார். ஐந்து மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேற் கொடுத்தனர். உண்டியலில் சேர்த்த காசைக் குழந்தைகளும் அனுப்பின. நமது சங்கக் கட்டட நிதிக்கு நாலணா அளித்தவர் பெயரையும் பிரசுரிக்க வேண்டுமென்று சொல்லும் பெரியவர்கள் இதனைக் கேட்டு மகிழ்வர்.

1887-ல் நெல்லி பிளை என்னும் இளம்பெண், பித்துப் பிடித்தவள்போல் நடித்து அரசாங்கப் பைத்திய வைத்தியசாலையிற் பத்து நாள் அடைபட்டிருந்து, அங்கு நோயாளிகள் படும் கொடுமைகளை வொர்ல்டில் எழுதினாள். கிராண்டு ஜூரியார் விசாரணை நடத்தினர். வைத்தியசாலைக்கு நிதியும் அதிகமாயிற்று.

புகழ் ஓங்கிய காலத்திற் கண்ணொளி மங்கியது. 1890-ல், நாற்பத்துமூன்று வயதில், பத்திராதிபர் ஆசனத்தை விட்டு விலகினார். அவ்வருஷமே நகரத்தில் யாவற்றினும் உயர்ந்ததாக வொர்ல்டு மாளிகை கட்டி முடிந்தது. அதனுள் அவர் அடிவைத்தது மிகச் சிலமுறையே. சிறு சப்தமும் பொறாத நோய் ஒன்று உடன் சேர, ஓசை புகாத அறைகளிலும் கப்பலிலும் வாழ்ந்தார். காரியதரிசிகள் பலர் இரவு பகலாகப் பத்திரிகைகளை வாசித்துக் காட்டினர். இரகசியக் குறிச்சொற்களால் தந்தியடித்து, ஒவ்வொரு வரியையும் தூரத்திலிருந்தே ஆண்டுவந்தார். அக்குறிச்சொற்களில் அவருக்குப் பெயர் ஆண்டிஸ். அஃதொரு மலைத்தொடரின் பெயர்.

இனி அவருடைய சரித்திரத்தில் மறைக்கலாகாத பகுதி வருகின்றது. 1895-ல் ஹர்ஸ்ட் என்னும் செல்வர் நியூயார்க்கு ஜர்னல் என்னும் பத்திரிகையை வாங்கிப் போட்டிக்கு வந்தார். வொர்ல்டின் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் வேலை செய்தோரை ஒருங்கே அதிகச் சம்பளங்கொடுத்து இழுத்துக்கொண்டார். மஞ்சள் அங்கி பூண்ட சிறுவனைப் பற்றிய விகடச் சித்திரத்தை இருவருமே வெளியிட, மஞ்சட் பத்திரிகை என்னும் வசைச்சொல் பிறந்தது. கியூபா தீவில் ஸ்பானியர் புரிந்த கொடுமைகளை இரு பத்திரிகைகளும் போட்டியிட்டு மிகைப்படுத்தின. 1898 பிப்ரவரி 15-ல் ஹவானா துறைமுகத்தில் மெயின் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணம் தெரியுமுன்னரே சதியென்று பெரிய எழுத்துக்களிற் போட்டார்கள். ஒவ்வொரு பத்திரிகையும் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பிரதிகளை எட்டியது, யுத்தமும் வந்தது. பத்திரிகைகளே யுத்தத்தை உண்டாக்கினவென்பது மிகையே. அரசியற் காரணங்கள் வேறு பல இருந்தன. எனினும் 1976-ல் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் அமெரிக்கக் கடற்படையார் ஆராய்ந்து, கப்பலின் நிலக்கரி அறையிற் பற்றிய தீயே காரணமாயிருக்கலாமென்று முடிவு கூறியதைப் படிக்கும்போது, அத்தலைப்புக்களை எழுதியவர்கள்பால் மன்னிக்கும் எண்ணம் நமக்கு எழுவதில்லை. புலிட்சரும் பிற்காலத்தில் அதற்கு வருந்தி, தம் பத்திரிகையை அப்போட்டியினின்றும் விலக்கினார்.

யுத்த காலத்தில், தெருவில் விற்கும் சிறுவர்களுக்கு நூறு பிரதி 50 செண்டென்றிருந்த விலையை 60 ஆக்கினர். யுத்தம் முடிந்ததும் ஏனையோர் குறைத்தனர். வொர்ல்டும் ஜர்னலும் குறைக்கவில்லை. 1899 ஜூலையில் சிறுவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஏழைகளின் தோழரென்று பெயர் பெற்றவரின் பத்திரிகை, வெறுங்கால் சிறுவர்களுடைய பத்துச் செண்டுக்காக இரண்டு வாரம் பிடிவாதஞ் செய்து, விற்பனையிற் பெரும்பகுதியை இழந்தது. முடிவில் விலை குறையவில்லை. விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதென்று சமாதானமாயிற்று.

இத்தகையவர்க்கே பத்திரிகா சுதந்திரத்தைக் காக்கும் பொறுப்பு முதுமையில் வந்து சேர்ந்தது. பனாமா கால்வாய்க்காகப் பிரெஞ்சுக் கம்பெனியொன்றின் உரிமைகளை அமெரிக்க அரசாங்கத்தார் நாலு கோடி டாலருக்கு வாங்கியிருந்தனர். அப்பணம் யார் யார் கைக்குச் சென்றதென்று 1908-ஆம் வருஷத் தேர்தற் காலத்தில் வொர்ல்டு வினவியது. ஜனாதிபதி ரூஸ்வெல்டின் மைத்துனரும், அடுத்த ஜனாதிபதியாக நின்ற டாப்ட் என்பாரின் சகோதரரும் அதில் லாபமடைந்தவராகப் பிரஸ்தாபிக்கப்பட்டனர். தியோடர் ரூஸ்வெல்டு கடுஞ்சினங்கொண்டு, டிசம்பர் 15-ல் காங்கிரஸுக்கு அனுப்பிய விசேஷ நிருபத்தில் புலிட்சரைப் பெயர் சொல்லி நிந்தித்து, அரசாங்கமே அவர்மீது வழக்குத் தொடரவேண்டுமென்றார். 1909-ல் வாஷிங்டனில் கிராண்டு ஜூரியார் புலிட்சர்மீதும் அவருடைய ஆசிரியர்கள்மீதும் குற்றஞ்சாட்டினர். நியூயார்க்கிலும் வழக்கு எழுந்தது.

மானநஷ்டம் தனிப்பட்டவர் தொடுக்க வேண்டிய வழக்கு. அன்றேல் மாகாணச் சட்டத்துக்குரியது. மத்திய அரசாங்கத்தை நிந்தித்தாரைத் தண்டிக்க 1798-ல் ஒரு சட்டம் இயற்றி, அது 1801-ல் காலாவதியாயிருந்தது. ஆகவே சர்க்கார் வக்கீல்கள் பழைய சட்டமொன்றைத் தேடியெடுத்தனர். கோட்டை, தபால் கட்டடம் முதலாக மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தமான நிலத்தில் நிகழும் குற்றங்களுக்கு அவ்விடத்து மாகாணச் சட்டத்தையே மத்திய கோர்ட்டுகள் கைக்கொள்ளலாமென்பது அதன் கருத்து. வொர்ல்டின் சில பிரதிகள் வெஸ்ட் பாயிண்டு இராணுவக் கலாசாலைக்கும் நியூயார்க்குத் தபால் கட்டடத்துக்கும் சென்றனவாம். ஆதலின் அங்கே குற்றம் நிகழ்ந்ததாம். இவ்வாதம் நிலைத்திருப்பின், நாட்டிலுள்ள தபாலாபீஸ் ஒவ்வொன்றிலும் ஒரு பத்திராதிபரைக் கூண்டிலேற்றலாமன்றோ?

கண்ணிழந்து, நோயுற்று, அறுபது கடந்த புலிட்சர் சிறைவாசத்துக்கு அஞ்சினாரென்றே அவருடன் இருந்தவர்கள் எழுதியிருக்கின்றனர். ஆயினும் பத்திரிகை ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. 1910-ல் நியூயார்க்கு நியாயாதிபதி வழக்கைத் தள்ளினார். அரசாங்கத்தார் மேலே செல்ல, 1911 ஜனவரி 3-ல் சுப்ரீம் கோர்ட்டு நியாயாதிபதிகள் ஏகமனதாகப் பத்திரிகைக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தனர். ஒன்று கவனிக்க வேண்டும். அத்தீர்ப்பு இத்தகைய வழக்குக்கு மத்திய கோர்ட்டு இடமன்று என்றதேயன்றி, வொர்ல்டு எழுதியது மெய்யென்று கூறவில்லை. பணம் போன வழியைத் தேடிப் பாரீசுக்கும் பனாமாவுக்கும் நிருபர்களை அனுப்பியும் வொர்ல்டாரால் அதனை ஐயமற நிரூபிக்க முடியவில்லை. கேள்வி கேட்கும் உரிமை நிலைத்தது, விடை கிடைக்கவில்லை.

அவ்வருஷம் அக்டோபர் 29-ல், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், லிபர்ட்டி என்று தாம் பெயரிட்ட கப்பலிலேயே தமது 64-ஆவது வயதிற் காலமானார். பத்திரிகைத் தொழிலை வைத்தியமும் சட்டமும்போற் கற்பிக்க வேண்டுமென்று கருதிக் கொலம்பியா ஸர்வகலாசாலைக்கு இருபது லட்சம் டாலர் அளித்திருந்தார். 1912-ல் கலாசாலை திறக்கப்பட்டது. 1917 முதற் பரிசுகள் வழங்கலாயின. 1937-ல் இந்தியராகிய கோவிந்த பிஹாரி லால் விஞ்ஞானச் செய்திகளுக்காக அப்பரிசில் ஒரு பங்கு பெற்றார். அவர் அப்போது வேலை பார்த்ததோ பழைய எதிரி ஹர்ஸ்டின் செய்தி ஸ்தாபனத்தில்.

வொர்ல்டை ஒருக்காலும் விற்கலாகாதென்று புலிட்சர் மரண சாஸனத்தில் எழுதியிருந்தார். நஷ்டந் தாங்காத புத்திரர்கள் கோர்ட்டாரின் அனுமதி பெற்று 1931-ல் அதனை விற்றுவிட்டனர். ஸெயின்ட் லூயிப் பத்திரிகை மட்டும் 2005 வரையில் அக்குடும்பத்தாரிடமே இருந்தது. நியூயார்க்கு மாளிகையை 1955-ல் இடித்துத் தள்ளினர். அதிலிருந்த, சுதந்திர தேவியின் உருவந் தீட்டிய வர்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றை எடுத்துச் சென்று, அவர் நிறுவிய கலாசாலையின் ஒரு கூடத்தில் வைத்திருக்கின்றனர்.