பூட்டுக்கு அடங்காத ஹூடினி

பிறந்த நாள் விருந்துக்கு நண்பர்கள் வருகிறார்கள். வீட்டுக்காரர் அவர்களை ஓர் அறையில் விட்டுக் கதவைப் பூட்டி விடுகிறார். உள்ளே ஒளித்து வைத்த குறிப்புகளைத் தேடி, சாவியைக் கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். இப்படி ஒரு விளையாட்டு இப்போது பல ஊர்களில் பரவி இருக்கிறது.

அதில் தோற்றால் சிரிப்போடு போய்விடும். தோற்றால் உயிரே போகும் என்று தெரிந்தும், தப்பி வருவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இருந்தார். அவர்தான் ஹாரி ஹூடினி.

ஏழைப் பையன்

1874-ம் ஆண்டு ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எரிக் வைஸ். தந்தை யூத மத குரு. குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அங்கே தந்தைக்கு நிலையான வேலை இல்லை. சிறுவன் பத்திரிகை விற்றான். பூட்சுக்குப் பாலிஷ் போட்டான். நியூயார்க்கில் ‘நெக்டை’ தொழிற்சாலையில் துணி வெட்டினான்.

ராபர்ட் ஹூடின் என்ற பிரெஞ்சு வித்தைக்காரரின் வரலாற்றைப் படித்து, அந்தப் பெயரையே மாற்றித் தனக்கு வைத்துக் கொண்டான்.

1894-ல் பெஸ் என்ற பெண்ணை மணந்தார். இருவரும் ஊர் ஊராக வித்தை காட்டினார்கள். வரும்படி போதவில்லை. 1899-ல் மார்ட்டின் பெக் என்ற நாடக முதலாளி, மற்ற வித்தைகளைக் குறைத்துவிட்டு, விலங்கிலிருந்து தப்புவதையே முக்கியமாகக் காட்டும்படி யோசனை சொன்னார். அதிர்ஷ்டம் திரும்பியது.

5 வருஷத்தில் செய்த பூட்டு

ஜெர்மனியில் ஒரு போலீஸ்காரர் ஹூடினியை ஏமாற்றுக்காரர் என்றார். ஹூடினி சும்மா விடவில்லை. மானநஷ்ட வழக்குப் போட்டு 1902-ல் ஜெயித்தார்.

1904-ல் லண்டன் பத்திரிகை ஒன்று விசேஷக் கைவிலங்கு கொண்டு வந்து சவால் விட்டது. பர்மிங்காம் நகரக் கொல்லர் ஒருவர் 5 வருஷம் பாடுபட்டுச் செய்தது அது என்றார்கள். சுமார் 4 ஆயிரம் பேர் வேடிக்கை பார்த்தார்கள். வியர்த்துக் கொட்டியது. கோட்டைக் கழற்ற விலங்கைத் திறக்கும்படி ஹூடினி கேட்டார். மறுத்து விட்டார்கள். உடனே பேனாக்கத்தியைப் பல்லில் கடித்துக் கொண்டு, கோட்டைக் கிழித்து எறிந்தார்! ஒரு மணி 10 நிமிடத்தில் விலங்கு கழன்றது. முன்பே பேசி வைத்த நாடகம் என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கோட்டு விஷயம் மட்டும் யாருக்கும் மறக்காது.

1906-ல் வாஷிங்டன் ஜெயிலில் அவரை நிர்வாணமாக்கி அடைத்தார்கள். அவர் தானும் வெளியே வந்தார்; கைதிகளையும் அறை மாற்றி வைத்து விட்டார்!

மந்திரமா?

மந்திர சக்தி என்றே பலர் நம்பினார்கள். ஹூடினி அதை ஒப்புக் கொள்ளவே இல்லை. எல்லாம் பயிற்சிதான். மூச்சை அடக்கிப் பழகுவதற்காகவே வீட்டில் பெரிய தொட்டி கட்டி வைத்திருந்தார். பூட்டுகளின் அமைப்பை எல்லாம் படித்து வைத்திருந்தார்.

தாயின் மேல் அவருக்கு உயிர். 1913-ல் அவர் ஐரோப்பாவில் இருந்தபோது தாய் இறந்தாள். செய்தி கேட்டு மயங்கி விழுந்தார். ஒரு தடவையாவது தாயோடு பேச முடியாதா என்று ஏங்கினார்.

ஆவிகளோடு பேசலாம் என்று நம்பியவர், துப்பறியும் கதை எழுதிய கானன் டாயில். ஹூடினியின் நண்பர். 1922-ல் டாயிலின் மனைவி, தாயின் ஆவி சொல்வதாகப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். முதலில் சிலுவைக் குறி. எழுதியது முழுவதும் ஆங்கிலம். தாயோ யூதர், அவளுக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது!

ஹூடினி மனம் உடைந்தார். நட்பும் முறிந்தது. துக்கத்தில் இருப்பவர்களிடம் பணம் பறித்த ஆவிக்காரர்களின் தந்திரங்களை மேடைதோறும் அம்பலப்படுத்தினார்.

கடைசி நாட்கள்

தண்ணீர்ப் பெட்டிக்குள் மூழ்கி இறந்தார் என்பது சினிமாக் கதை. 1926 அக்டோபரில் மாண்ட்ரீல் நகரில், குத்தைத் தாங்குவாரா என்று பார்க்க ஒரு மாணவர் அவர் வயிற்றில் குத்தினார். குடல்வாலும் வெடித்திருந்தது. குத்தினால்தானா என்பதில் டாக்டர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. கடும் ஜுரத்தோடு டெட்ராய்ட்டில் மேடை ஏறினார். அக்டோபர் 31-ந் தேதி இறந்தார். வயது 52.

முடியுமானால் தானே வந்து பேசுவதாகச் சொல்லி, மனைவிக்கு மட்டும் ரகசியச் சொல் ஒன்றைக் கொடுத்திருந்தார். வருஷந்தோறும் அதே தேதியில் பெஸ் காத்திருந்தார். 1936-ல் ஹாலிவுட் ஓட்டல் ஒன்றின் மொட்டை மாடியில் கடைசியாக அழைத்துப் பார்த்தார்கள். பதில் இல்லை. 10 வருஷமாகக் கணவர் படத்தின் அருகே எரிந்து கொண்டிருந்த விளக்கை பெஸ் அணைத்து விட்டார்.