தட்டிக்கொண்டே இருந்த கலைஞர் – ஜே. பி. சந்திரபாபு



யூபிலி மலரில் புனிதர்களின் வரலாறுகளும் மறைபரப்புப் பணியாளரின் வரலாறுகளும் இடம்பெறுவது மரபு. இம்முறை நாம் ஒரு சினிமாக் கலைஞரின் வாழ்வைச் சொல்ல முற்படுகிறோம். சிலர் புருவம் உயர்த்தலாம். முழுவதையும் வாசித்துவிட்டுத் தீர்ப்பிடுமாறு வேண்டுகிறோம்.

1927ஆம் ஆண்டு தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் கடும் காய்ச்சலில் கிடந்தார். அன்னையின் அருளால் பிழைத்த பிள்ளை என்று நம்பிய பெற்றோர் அவருக்கு ஜோசப் பனிமயதாசன் என்று பெயரிட்டனர். 1713இல் எழுந்து, 1982இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பனிமய மாதா ஆலயத்தை அறியாதவர் நம்மில் யார்? தூத்துக்குடிச் சீமையிலிருந்து வேலை தேடிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் ஆகஸ்டு 5ஆம் நாள் எந்த ஊரில் இருந்தாலும் அத்திருவிழாவை நினைக்காமல் இருப்பதில்லை. அந்த அன்னையின் அடிமை என்பதே நம் கலைஞரின் ஞானஸ்நானப் பெயருக்குப் பொருள்.

தந்தையார் விடுதலைப் போராட்ட வீரர். அதன் விளைவாகக் குடும்பம் கடல் கடந்து கொழும்பு செல்ல நேர்ந்தது. சிறுவன் அங்கே வளர்ந்து, அங்கேயே பயின்று, 1943இல் சென்னை திரும்பினான். இலங்கையிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் நம் சகோதரருக்கு, இரு கரைகளுக்கும் இடையே பிள்ளைப் பருவம் கழிவது என்னவென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1947இல் தன அமராவதி என்ற படத்தில் சிறு வாய்ப்புக் கிடைத்தது. அதன்பின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1952இல், மனமுடைந்த நிலையில், ஜெமினி ஸ்டூடியோவிலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். இறைவன் அருளால் பிழைத்தார். அத்தகைய முயற்சியைக் குற்றமென அந்நாளைய சட்டம் கருதியதால் வழக்கையும் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை.

அதே மனிதர்தாம் அடுத்த சில ஆண்டுகளில் தமிழகத்தையே சிரிக்க வைத்தார். 1957இல் புதையல், 1958இல் நாடோடி மன்னன், 1959இல் சகோதரி, 1962இல் அன்னை என்று படங்கள் வந்தன. 1958இல் வந்த சபாஷ் மீனாவில் இரட்டை வேடம். அதில் ஒருவர் சென்னைத் தமிழ் பேசும் ரிக்ஷாக்காரர். தமக்கு வேண்டிய பாடல்களைத் தாமே பாடினார். மேல்நாட்டு மலைவாசிகள் குரலை உடைத்து உயர்த்திப் பாடும் யோடலிங் முறையைத் தமிழ்த் திரைக்குக் கொண்டு வந்தார். துள்ளலான பாட்டோடு, வாழ்வின் நிலையாமையைச் சொல்லும் பாட்டும் அவருக்குக் கைவந்தது. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளி, வானொலியில் அவர் குரலைக் கேட்டுத் தன் துயரத்தைப் பிறரும் அறிந்திருக்கிறார் என்று ஆறுதல் கொள்வதை நாம் கண்டிருக்கிறோம்.

கவியரசர் கண்ணதாசன் 1960இல் தயாரித்த படத்தில் அவரே கதாநாயகர். படத்தின் பெயர் கவலை இல்லாத மனிதன். அவருடைய வாழ்விலோ கவலைக்குக் குறைவில்லை. திருமண வாழ்வு நிலைக்கவில்லை. தாமே தொடங்கிய படம் ஒன்று முடியாமல் நின்றுபோனது. கடன் சேர்ந்தது. ஆசையோடு கட்டிய வீடும் கைவிட்டுப் போயிற்று. குடியும் அவரை வாட்டியது. இவற்றை மூடி மறைத்து அவரைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். 1966இல் அவர் தாமே இயக்கி நடித்த படத்திற்குச் சூட்டிய பெயர் தட்டுங்கள் திறக்கப்படும். ஆண்டவர் தம் மலைப்பொழிவில் தந்த வாக்குறுதி அது. சிறுவயதில் கேட்ட நற்செய்தி, ஸ்டூடியோ விளக்குகளின் நடுவிலும் அவரை விட்டு அகலவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1974 மார்ச்சில், 46ஆம் வயதில் அவர் காலமானார். சென்னையில் கிவிபில் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

அன்பர்களே, பாட்டும் படமும் ஆன்மாவுக்கு ஆகாதவை என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உண்டு. திருப்பாடல்களில் புகழ்ச்சி மட்டுமா இருக்கிறது? ஆண்டவரே, எதுவரை என்று கதறும் புலம்பலும் இருக்கிறதே! நல்ல பாட்டும் நல்ல கதையும் நம் கண்ணீருக்குச் சொல் தருகின்றன. அந்தச் சொல்லைச் செபமாக்குவது நம் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. நம்மைச் சிரிக்க வைப்பவர் நலமாகவே இருக்கிறார் என்று நினைத்து விடுகிறோம். சிப்காட்டில் வேலை இழந்தவர், கடன்பட்டவர், பழவேற்காட்டில் வலை வெறுமையாய்த் திரும்பிய மீனவர், தேர்வில் தவறிய பிள்ளை, இவர்களுள் யாரேனும் ஞாயிறு திருப்பலியில் நம் அருகிலேயே சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கலாம். திருப்பலி முடிந்ததும் நலமா என்று ஒரு வார்த்தை கேட்போம். பதில் வரும்வரை நிற்போம். மனம் தளர்ந்தவரைப் பங்குத் தந்தையிடமும் மருத்துவரிடமும் கைபிடித்து அழைத்துச் செல்வோம்.

யூபிலி என்றால் விவிலிய வழக்கில் கடன் நீக்கி விடுதலை வழங்கும் ஆண்டு. தட்டுகிறவருக்குத் திறக்கும் கதவாக நம் பங்கு விளங்கட்டும். பனிமய அன்னையின் தாசனாகிய இக்கலைஞரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இதை வாசிப்போர் ஒரு மங்கள வார்த்தைச் செபம் சொல்லும்படி அன்போடு வேண்டுகிறோம்.